அம்மாவின் கணித உதவி அறை

மார்ச் 3
இன்றிலிருந்து நடப்பதையெல்லாம் உள்ளது உள்ளபடி எழுதப்போகிறேன். பிடிக்காததையும் எழுதுவேன், புரியாததையும் எழுதுவேன். புரியாததுதான் நிறைய இருக்கிறது.

பம்ப் தொழிற்சாலையில் அதிர்வுக் கணக்குப் பிரிவின் தலைவியாக இருந்த அம்மா, அதை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்தில் கணித உதவி அறைக்குப் பொறுப்பாளராகிவிட்டாள். கணக்கில் திணறுகிற யாரும் அங்கே வரலாம். வகுப்பு கிடையாது, மதிப்பெண் கிடையாது. பழைய மேலாளர் இந்த மாதக் கடைசிவரை அம்மாவின் இடத்துக்கு வேறு ஆள் போடமாட்டாராம். அப்பா சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம் இதை ஞாபகப்படுத்துகிறார்.

மார்ச் 5
பள்ளி விட்டதும் அங்கே போனேன். நூலகத்தின் கீழ்த்தளம். வட்ட மேசைகள், சுவர் முழுக்க வெள்ளைப்பலகை. வெயிலிலும் குடையோடு ஒரு அண்ணன் வந்தான். அம்மா அவன் தாளை வாங்கி, கணக்கை மளமளவென்று போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஐந்து மணிக்கு அம்மாவே விளக்கை அணைத்துப் பூட்டினாள்.

மார்ச் 10
யாரும் வரவில்லை.

மார்ச் 12
குடை அண்ணன் மறுபடி வந்தான். அதே மாதிரிக் கணக்கு, அம்மாவின் அதே வேகம். அவன் போனதும், அம்மாவுக்கு உதவியாக இருக்கும் கொண்டை அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “மேடம், நீங்க கணக்கத்தான் ரிப்பேர் பண்ணி அனுப்புறீங்க. பையன் பழுதாவே போறான்.”

அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. பேருந்தில் வரும்போது, “ஃபேக்டரில மோட்டார் நின்னா உடனே ஓட வைக்கணும். உனக்குப் புரிஞ்சுதான்னு மோட்டார யாரும் கேக்கமாட்டாங்க” என்றாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

கேட்டதைச் செய்து கொடுப்பதுதானே உதவி? அப்புறம் எப்படித் தப்பாகும்?

மார்ச் 17
அம்மா இன்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றாள். பேனாவைத் தொடவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. உயிரியல் படிக்கும் அக்கா ஒருத்தி, போட்டுக் கொடுக்கமாட்டீர்களா என்று கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

செய்தாலும் தப்பு, செய்யாவிட்டாலும் தப்பு.

சாப்பிடும்போது அப்பா, “மலையக் கெல்லி எலி பிடிக்கிற கதையா இருக்கு” என்றார்.

“அந்த எலியும் சிக்கல” என்றாள் அம்மா. பிறகு, பழைய மேலாளரிடம் பேசிப் பார்க்கிறேன் என்றாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் — ஏன் படவில்லை?

மார்ச் 20
பம்ப் அதிராமல் பார்த்துக்கொள்வது எங்கம்மாதான் என்று வகுப்பு முழுக்கப் பீற்றியிருக்கிறேன். இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்டால்? சும்மா கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்கன்னா சொல்றது?

மார்ச் 24
உளவியல் படிக்கும் ஒரு அண்ணன் புள்ளியியல் கணக்கு ஒன்றைக் கொண்டுவந்தான். அம்மா தாளையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு எல்லார் காதிலும் விழும்படி, “இது எனக்குத் தெரியாதுப்பா. உனக்கு எங்க முட்டுதுன்னு சொல்லு, சேர்ந்து பாப்போம்” என்றாள்.

மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. பொறுப்பாளருக்கே தெரியாதாம்!

ஆனால் அவன் போகவில்லை. இருவரும் பலகையில் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார்கள். பக்கத்து மேசையிலிருந்து குடை அண்ணன் எழுந்து வந்து, “மேடம், மூணாவது வரி இடிக்குது” என்றான். இடிக்கத்தான் செய்தது. அது அம்மா எழுதிய வரி. அம்மா அழிப்பானை அவன் கையில் கொடுத்தாள். அவன் அதை ஏதோ பரிசு மாதிரி வாங்கிக்கொண்டான்.

மார்ச் 28
நாற்காலி போதவில்லை. கொண்டை அக்கா மாடியிலிருந்து இறக்கி வந்தாள். அந்த உயிரியல் அக்காவும் வந்திருந்தாள்.

தெரியாது என்று சொன்ன பிறகா இத்தனை பேர்? தலை சுற்றுகிறது.

மார்ச் 31
மாதக் கடைசி. அம்மாவின் கைபேசி மேசையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. அதிர்வு என்றால் தூக்கத்திலும் எழுந்துகொள்ளும் அம்மா திரும்பியே பார்க்கவில்லை. மேலாளர்தான் என்று நான் போய்ச் சொன்னேன்.

“வரலன்னு சொல்லணும். அப்புறம் சொல்லிக்கலாம், இவன் முடிக்கட்டும்” என்றாள். குடை அண்ணன் பலகையில் எழுதிக்கொண்டிருந்தான். அம்மாவின் கைகள் பின்னால்தான் இருந்தன, ஆனால் இன்று பாவமாகத் தெரியவில்லை.

அம்மா செய்தது சரியா? எனக்கு இன்னும் தெரியவில்லை. ஐந்து மணி எப்போதோ தாண்டியிருந்தது. காவலாளி வந்து, பூட்ட வேண்டும் என்றார். “ஒரே ஒரு வரிண்ணே” என்றான் குடை அண்ணன். அந்த வரி முடியும்வரை வாசலில் காத்திருந்து, இன்று விளக்கைக் காவலாளிதான் அணைத்தார்.