வீட்டுக்காக இன்னும் இரண்டு வருஷம்

படாளம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தீனாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் வந்து வந்து போகிறது. நீயும் நன்றாக இருப்பதாகப் போனில் சொல்கிறாய், அதை அப்படியே நம்பிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியில் நீ குறுக்கே பேசுவாய், நானும் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது நின்றுபோகும். நம் தெரு ஜானகிராமன் லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன், கூடவே எலுமிச்சை ஊறுகாயும் இருக்கிறது. முழுவதும் படி, படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

போன வருஷம் பொங்கலன்று நீ போனில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா. இன்னும் ரெண்டே வருஷம்மா, மாமா குடுத்த மனையில வூடு கட்ட பணம் சேர்ந்துடும், வாடகை வந்தா உங்களுக்கும் கவலை இல்ல, நானும் வந்துடறேன் என்றாய். சரிப்பா என்று போனை வைத்துவிட்டேன். ஆனால் இதையே நீ இருபத்தாறு வயதிலும் சொன்னாய், இருபத்தெட்டிலும் சொன்னாய், இப்போது உனக்கு முப்பத்திரண்டு ஆகிறது. கம்பி விலை ஏறுகிறது, சிமெண்ட் விலை ஏறுகிறது, நீ சேர்க்கச் சேர்க்க வீடு தள்ளித் தள்ளிப் போகிறது. அந்த வீடுதான் உன்னை அங்கே பிடித்து வைத்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதனால் உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன் தீனா. வீட்டைக் கட்டிவிட்டேன்.

உன் பணத்தில் இல்லை, பேங்க் லோனில். பொங்கல் கழிந்த வாரமே சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன் கடையை மூடிவிட்டு, மாமா எழுதிக் கொடுத்த செட்டில்மெண்ட் பத்திரத்தையும் என் பேருக்கு மாறிய பட்டாவையும் பையில் போட்டுக்கொண்டு பேங்குக்குப் போனேன். ஸ்டேஷன் வாசலில் நாஸ்தா கடை வைத்திருப்பவளுக்கு வருமானச் சான்று ஏது என்று மேனேஜர் யோசித்தார். நீ போன லீவில் வந்தபோது கடையில் போனிலேயே காசு போடுகிற ஒரு ஸ்கேன் அட்டையை ஒட்டிவிட்டுப் போனாயே, எனக்கு எதுக்குடா இதெல்லாம் என்று நான்கூடச் சலித்துக்கொண்டேனே, அதுதான் கைகொடுத்தது. கம்பெனிப் பிள்ளைகள் இட்லிக்கும் டீக்கும் கொடுத்ததெல்லாம் என் கணக்கில் வரிசையாக நின்றது. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார், பரவாயில்லையே அம்மா, எங்க கிளார்க்கைவிட ஒழுங்கா வருமானம் காட்டியிருக்கீங்க என்றார். கட்டினால் நீங்கள் குடியிருக்கவா, வாடகைக்கு விடவா என்றும் கேட்டார். வாடகைக்குத்தான் என்றேன், அந்த வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்று அவரே கூட்டிப் பார்த்துச் சொன்னார்.

ஆனால் பேங்க் வக்கீல் ஒரு முட்டுக்கட்டை போட்டார். அது என் அப்பா வழி வந்த நிலம், முத்துசாமி மாமா தானமாகக் கொடுத்தது சரி, நாளைக்கு அவர் மகன் எனக்கும் பாத்தியதை உண்டு என்று வந்தால் பேங்குக்குத் தலைவலி, அதனால் பார்த்திபன் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அவன் மாட்டேன் என்றுவிட்டான். சும்மா குடுத்த மனை போதாதா அத்தை, லோனுக்கும் நான் கையெழுத்து போடணுமா, நாளைக்கு நீ கட்டலைன்னா பேங்க்காரன் என் வூட்டாண்ட வந்து நிப்பான் என்று மாமா எதிரிலேயே கேட்டான். மாமா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவமானமாக இருந்தது, பிறந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் ரயிலேறி வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து மறுபடியும் போனேன். பார்த்திபன் கம்பெனி ஆட்களை ஏற்றும் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். எனக்கு வாடகைக் காசு பெருசு இல்ல பார்த்தி, என் புள்ளைக்கு அங்கயே இருக்கறதுக்கு இந்த வூடு ஒரு சாக்கா கீது, அதை எடுத்துடணும்னு பாக்கறேன் என்று உள்ளதைச் சொன்னேன். அவன் கையிலிருந்த தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டான். தீனா வந்துடுவானா அத்தை என்று கேட்டான். அவன் போனதுலேர்ந்து நான் மாபலிபுரம் பக்கமே பைக் எடுத்துகினு போவல, யார் கூடப் போறது என்றான். வருவான் என்று சத்தியம் பண்ண என்னால் முடியவில்லை. வழியைச் செஞ்சு வைக்கறேன்பா, வரது அவன் இஷ்டம் என்றேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அப்போதே என்னோடு வக்கீல் ஆபீசுக்கு வந்தான்.

அப்புறம் சின்னராசு மேஸ்திரி வேலையை எடுத்தார். கைக்காசு போட வேண்டிய பங்குக்கு என் இரட்டைவடச் சங்கிலியை விற்றேன், திட்டாதே, கழுத்துக்கு லேசாகத்தான் இருக்கிறது. ஐப்பசி மழையில் ஒன்றரை மாதம் வேலை நின்றது. தை முடிவதற்குள் இரண்டு போர்ஷனும் தயார். மூன்று மாதமாக வாடகை வந்து தவணை போய்க்கொண்டிருக்கிறது. உன்னிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று மாமாவையும் பார்த்திபனையும் நான்தான் கட்டிப்போட்டு வைத்திருந்தேன்.

ஒரு போர்ஷனில் ஜோயல் என்று நாகர்கோவில் பக்கத்துப் பையன் இருக்கிறான், கார் கம்பெனியில் வேலை, உன்னைவிட ஆறேழு வயது சின்னவன். காலையில் ஷிப்ட் முடிந்து நம் கடையில்தான் சாப்பிடுவான். போன மாதம் அவன் அம்மா எனக்குப் போன் செய்தார்கள். எம் பிள்ளை ஒழுங்கா சாப்பிடுதானா, மெலிஞ்சிருக்கானா, கேட்டா நல்லாருக்கேன்னு மட்டும்தான் சொல்லுதான் என்று அந்த அம்மா கேட்டபோது, நாலு இட்லி சாப்பிட்டான், காய்ச்சல் வந்து போனது, இப்போது தேவலை, முடி வெட்டியிருக்கிறான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் சந்தோஷமாகப் போனை வைத்தார்கள். அதன் பிறகு எனக்கு மாவு கரைக்கக் கை வரவில்லை. எனக்கும் அப்படிக் கேட்க வேண்டும்போல இருந்தது. ஜானகிராமனே உன்னை எப்போதோ ஒரு தடவைதான் பார்க்கிறான், உன்னோடு கூட இருப்பவர்களில் நான் யாரைக் கேட்பேன், யார் நம்பர் என்னிடம் இருக்கிறது.

நீ அனுப்பியதில் அந்தப் பொங்கலிலிருந்து ஒரு ரூபாயும் தொடவில்லை, அப்படியே பேங்கில் கிடக்கிறது. கூடுவாஞ்சேரியில் ஏசி ரிப்பேர் கடை வைக்க வேண்டும் என்று முன்பு சொல்வாயே, அதற்கு அது போதும் என்று பார்த்திபன் சொல்கிறான். இவ்ளோ செஞ்சும் அவன் வரலைன்னா இன்னா பண்ணுவ சரோஜா என்று அப்பா கேட்டார். அதற்குப் பதிலை உனக்குச் சொல்கிறேன். அங்கே இருப்பது உனக்குப் பிடித்திருந்தால் இரு. அங்கே மனசுக்குப் பிடித்தவர்கள் யாராவது இருந்தால் அதையும் எழுது, எந்த ஊர், எந்த ஜாதி என்று கேட்க மாட்டேன். தாங்கிக்கொள்வேன். ஆனால் இனிமேல் வீட்டுக்காக இரண்டு வருஷம் என்று மட்டும் சொல்லாதே.

ஆடி மாதம் உன் காண்ட்ராக்ட் முடிகிறது என்று ஜானகிராமன் சொன்னான். புதுசில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல். வெயிலில் வேலை செய்யும்போது தண்ணீர் நிறையக் குடி, கண் எரிச்சலுக்கு டாக்டரைப் பார். நோய்நொடி இல்லாமல், மனசுக் குறை இல்லாமல் நீ நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று சிங்கப்பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், வரச் சொல்லி எழுதிட்டியா என்று இதோடு மூன்றாவது முறை கேட்டுவிட்டார். எழுதிவிட்டேன்.

உன்னைப் பார்க்க ஏங்கும் அம்மா,
சரோஜா உலகநாதன்.