சார்ஜ் இல்லாத கணக்கு

6 பிப்ரவரி 1955, ஞாயிறு. கிருஷ்ணகிரி.

நாட்றாம்பாளையம் பக்கத்துப் புளி ஒரு லாரி வந்தது. நன்றாகக் காய்ந்தது என்று தரகன் சத்தியம் செய்கிறான். மூட்டைக்குள் கையை விட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. ஷேக் தாவூதிடமா இந்த வேலை? அப்படியே திருப்பி அனுப்பினேன்.

பம்பாய்க் கப்பல் கம்பெனிக்குக் கடிதம் போட்டாயிற்று. இந்த வருஷம் ஹஜ்ஜுக்குப் போயே தீருவது. கணக்கில் ஆயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய் இருக்கிறது. அத்தனையும் வியர்வைக் காசு. வட்டி ஒரு தம்பிடி கலக்காத காசு.

பக்கத்து வெல்ல மண்டி முனிவேல் புலம்பிக்கொண்டே வந்தான். கடைவீதி பேங்க்கில் அவனுக்கு மறுபடியும் ஒரு ரூபாய் பிடித்துவிட்டார்களாம். அங்கே கரண்ட் அக்கவுண்ட் வைத்தால் எந்நேரமும் ஐந்நூறு ரூபாய் இருக்க வேண்டும். குறைந்தால் மாசம் ஒரு ரூபாய் சார்ஜ். நானும் முதலில் அங்கேதான் போனேன், 1952 ஆகஸ்டில். சேவிங்ஸ் கணக்கில் வட்டி வரும், நமக்கு ஆகாது, கரண்டில் வராது, அதில் போடுங்கள் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லியிருந்தார். என் காசை அவன் பெட்டியில் வைக்க நான் கூலி கொடுப்பதா? சண்டை போட்டுவிட்டு எதிர்ச்சாரி பேங்க்குக்குப் போனேன். சார்ஜே இல்லாத கணக்கு ஒன்று கொடுத்தார்கள். இன்றுவரை காலணா பிடித்ததில்லை.

“உனக்கு வாய் இல்லடா, அதான் தண்டம் அழுவற” என்றேன் முனிவேலிடம். சிரித்துக்கொண்டே போனான்.

20 பிப்ரவரி

ஹஜ்ஜுக்குப் போகிறவன் உற்றார் உறவு எல்லோரிடமும் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்ததைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். என் வீட்டுக்காரி ரோஷன் பீ விரல் விட்டுப் பேர்களை அடுக்கினாள். கடைசியில் மெதுவாக, “வஜிஹா?” என்றாள்.

என் தங்கைதான். அவளிடம் நான் என்ன கேட்பது? அவள் புருஷன் ரசூல் வேப்பனப்பள்ளியில் மாங்காய் வியாபாரம். மாங்காய்ப் பணத்தைச் சேவிங்ஸில் போட்டு வட்டி வாங்குகிறான் என்று அவர்கள் மகள் கல்யாணத்தன்றுதான் எனக்குத் தெரிந்தது. பந்தியில் சோறு வந்துவிட்டது. எழுந்துவிட்டேன். “வட்டிக் காசுல ஆக்கின சோறு என் தொண்டையில இறங்காது” என்று எல்லார் காதிலும் விழச் சொன்னேன். என்னோடு கிருஷ்ணகிரிக்காரர் ஏழு பேர் எழுந்தார்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தோம். அன்றிலிருந்து அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

“போனா என் ஹஜ்ஜுதான் கெடும்” என்றேன். ரோஷன் பீ எழுந்து உள்ளே போய்விட்டாள்.

10 மார்ச்

பம்பாயிலிருந்து கடிதம். கப்பலில் இடம் உண்டு! ஜூன் மாதம். இந்த மாசம் முடிவதற்குள் பணம் கட்ட வேண்டும். அல்ஹம்துலில்லாஹ். எழுத்து கோணுகிறது.

14 மார்ச், திங்கள்

பேங்க்கில் கணக்கை மூடிப் பணம் வாங்கப் போனேன். குமாஸ்தா எண்ணிக் கொடுத்தான். நானும் எண்ணினேன். ஆயிரத்து அறுநூற்று எண்பத்தேழு ரூபாய் ஆறணா. என் குறிப்பில் இருப்பதோ ஆயிரத்து அறுநூற்று நாற்பது. நாற்பத்தேழு ரூபாய் ஆறணாவைத் தனியே எடுத்து அவன் பக்கம் தள்ளினேன். பத்துப் பேர் நிற்கிறார்கள், அவர்களுக்கும் கேட்கட்டும் என்று உரக்கத்தான் சொன்னேன்: “ஜாஸ்தி குடுத்துட்டீங்க தம்பி. அடுத்தவன் காசு எனக்கு என்னாத்துக்கு?”

அவன் லெட்ஜரைப் பார்த்தான். “ஜாஸ்தி இல்லீங்க பாய். அது உங்க வட்டி.”

வட்டி.

என் கணக்கில்.

யாரோ வேறு ஷேக் தாவூத் என்றேன். உள்ளேயிருந்து பேங்க்கை நடத்துகிற ஏஜென்ட் சென்னகிருஷ்ணன் வந்தார். நல்ல மனுஷன், அன்று கணக்குத் திறந்துகொடுத்ததும் அவர்தான். “சார்ஜ் இல்லாத கணக்கு வேணும்னு நீங்கதானே கேட்டீங்க பாய்? கரண்டுன்னா இங்கயும் சார்ஜ் உண்டு. உங்களுக்கு நஷ்டம் வரக்கூடாதுன்னு சேவிங்ஸ்ல போட்டேன். கையெழுத்துப் போட்டீங்களே.”

“வட்டி எனக்கு ஆகாதுன்னு தெரியாதா சார்?”

“நீங்க அதைச் சொல்லவே இல்லியே பாய்.”

சொன்னேனா? இரண்டரை வருஷத்துக்கு முந்தைய பேச்சை அங்கேயே நின்று வார்த்தை வார்த்தையாக நினைத்துப் பார்த்தேன். சார்ஜ், சார்ஜ், சார்ஜ் என்றுதான் கத்தியிருக்கிறேன். எதற்காகக் கரண்ட் அக்கவுண்ட் தேடிப் போனேனோ அதைப் பற்றி ஒரு வார்த்தை — இல்லை. சொல்லவில்லை. மாசம் ஒரு ரூபாய்க்காக அது வாயிலேயே வரவில்லை.

யா அல்லா. நானா? இந்த ஊரில் நானா வட்டி தின்றவன்?

15 மார்ச்

சோறு இறங்கவில்லை. பாஸ்புக்கை முனிவேலிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். எல்லாம் இங்கிலீஷ். அதைத் திறந்துகூடப் பார்க்காமல் பெட்டியில் வைத்திருந்த புத்திசாலி நான்.

“ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஏத்தியிருக்கான் பாய். மொத வட்டி 1952 டிசம்பர் முப்பத்தொண்ணு. ரெண்டு ரூபா ஓரணா.”

திரும்பப் படி என்றேன். திரும்பவும் படித்தான்.

வஜிஹா மகள் கல்யாணம் 1953 பிப்ரவரி எட்டு. நான் பந்தியிலிருந்து எழுந்தபோது என் கணக்கில் வட்டி ஏறி ஒரு மாசத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்தக் குழந்தை கல்யாணச் சேலையோடு கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தது. அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். என் வாயில் புழு விழ.

16 மார்ச்

ஹஜ்ரத்திடம் போனேன். பணத்துக்குத் தீர்ப்பு சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தெரியாமல் வந்தது, நாற்பத்தேழு ரூபாய் ஆறணாவைத் தனியாக எடுத்து, நன்மை கிடைக்கும் என்ற எண்ணமே இல்லாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடு, மீதி உன் காசு, கப்பலுக்குக் கட்டு.

அவ்வளவுதானா என்று எழுந்தேன்.

“பணம் சுத்தமாயிடும் பாய். நாக்கு?” என்றார்.

அவர் எதைச் சொல்கிறார் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

18 மார்ச், வெள்ளி

வட்டியை ஏழைகளுக்குக் கொடுத்தாயிற்று, பம்பாய்க்குப் பணம் கட்டியாயிற்று. ஒரு சந்தோஷமும் இல்லை.

20 மார்ச், ஞாயிறு

வேப்பனப்பள்ளி போய்வந்தேன். எழுத உட்கார்ந்து வெகு நேரம் ஆயிற்று.

பஸ் முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். நானும் தெரியாமல் வாங்கிவிட்டேன், நீங்களும் வாங்குகிறீர்கள், ஆக இரண்டு பேரும் ஒன்றுதான், பழசை மறப்போம் — இப்படி. தப்பிலும் சமமாகப் பங்கு போடத்தான் பார்த்திருக்கிறேன், எவ்வளவு கெட்டிக்காரன்!

வஜிஹா வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். எழவில்லை. “வாண்ணே” என்றாள், முறத்தைப் பார்த்துக்கொண்டே. ரசூல்தான் ஓடி வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனான். ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன்.

ரசூல் தரையைப் பார்த்தான். வஜிஹா முறத்தைப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

“ரெண்டு பேரும் ஒண்ணா? நீ எழுந்து போன மறுநாளே இவரு அந்தக் கணக்கை மூடிட்டாருண்ணே. அதுல இருந்த வட்டி அத்தனையும் ஊர்ல ஏழைங்களுக்குக் குடுத்தாரு. கடைவீதி பேங்க்ல கரண்டுல போட்டாரு. மாங்கா வியாபாரத்துல ஐந்நூறு ரூபா சும்மா நிக்குமா? மாசம் ஒரு ரூபா. இருபத்தஞ்சு மாசமா கட்டறாரு.”

நான் கட்ட மாட்டேன் என்று சண்டை போட்ட அதே ஒரு ரூபாய். அதே பேங்க்.

“ஏன் மச்சான் சொல்லல?” என்றேன் ரசூலிடம்.

“வந்தேன் மச்சான்.” அவன் குரல் எழும்பவில்லை. “ரெண்டு தடவ மண்டிக்கு வந்தேன். ஆளு இல்லைன்னு சொல்லுன்னு உள்ளேர்ந்து நீங்க சொன்னது கேட்டுது. போயிட்டேன்.”

ஆமாம். சொன்னேன். இரண்டு தடவையும்.

அழுதேன். ஐம்பத்து நான்கு வயசில் தங்கை முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். பொறுத்துக்கோம்மா என்றேன்.

“என்னைக் கேக்காதே. எனக்கு நீ அண்ணன், ஒரு நாள் திட்டுவேன், ஒரு நாள் சோறு போடுவேன். பேரிகைல வாழறாளே என் மக, அவ என்னா பண்ணா? அவ மாமியா இன்னிக்கும் சொல்லிக் காட்டுறா — சொந்த மாமனே சாப்பிடாம எழுந்து போன கல்யாணம்னு. உன்னோட எழுந்தாங்களே ஏழு பேரு, மொதல்ல அவங்ககிட்ட போய் நடந்ததைச் சொல்லு. அப்புறம் பேரிகைக்குப் போ. அந்த மாமியா முன்னாடி உக்காந்து என் மக கையால சாப்பிடு. அதுக்கப்புறம் கப்பல் ஏறு.”

எனக்குச் சாப்பாடு போடவில்லை. நானும் கேட்கவில்லை.

26 மார்ச்

நான்கு பேரிடம் சொல்லியாயிற்று. சொல்வதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஒருத்தர் கட்டிப்பிடித்தார். ஒருத்தர் விழுந்து விழுந்து சிரித்தார். “ஊருக்குத்தான்டி உபதேசம், உனக்கில்லடி கண்ணே” என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. வாங்கிக்கொண்டு வந்தேன்.

2 ஏப்ரல்

இன்னும் இரண்டு பேர். மொத்தம் ஆறு.

5 ஏப்ரல்

ஏழாவது ஆள், தோல் மண்டி காசிம். அன்று பந்தியில் எனக்கு அடுத்து எழுந்தவன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மருமகள் எனக்கு டீ கொண்டுவந்து நீட்டினாள். அவன் கை நீட்டி அதை நடுவில் வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

“ரெண்டரை வருஷம் வட்டி வாங்கினவனுக்கு என் வீட்ல தண்ணி இல்ல” என்றான்.

“தெரியாம வாங்கினது காசிம்.”

“ரசூல் தெரிஞ்சா வாங்கினான்? நீ அவனைக் கேட்டியா?”

கேட்கவில்லை. தெருவில் இறங்கினேன். முதுகுக்குப் பின்னால் அவன் வீட்டுக் கதவு சாத்தும் சத்தம். ஒரு வாய் டீ இல்லாமல் போனால் இப்படியா வலிக்கும்! ரசூல் இதை ஐந்நூறு பேர் நடுவில் தாங்கியிருக்கிறான், மகள் கல்யாணத்தில்.

ரோஷன் பீயிடம் சொன்னேன். “வலிக்கட்டுங்க” என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

10 ஏப்ரல், ஞாயிறு

பேரிகை. நானும் ரோஷன் பீயும் வஜிஹாவும் ரசூலும்.

வஜிஹா மகள் என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டாள். இடுப்பில் ஒரு வயசுக் குழந்தை. நான் பார்க்காத குழந்தை. அவள் மாமியார் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே அவளிடம் சொன்னேன். என் கணக்கு, வட்டி, தேதி, எல்லாம். ரசூல் கட்டும் ஒரு ரூபாயையும் சொன்னேன். “அன்னிக்கு அந்தப் பந்தியில சுத்தமில்லாதவன் யாருன்னா நான்தாம்மா” என்றேன்.

மருமகள் குழந்தையை வஜிஹாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வெகு நேரம் வரவில்லை. வர மாட்டாள் என்றே நினைத்தேன். பிறகு பாய் விரித்தாள். கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. நாங்கள் வருவது அவளுக்குத் தெரியாது, வீட்டில் இருந்ததுதான். பிஸ்மில்லா சொல்லி முதல் வாயை எடுத்தேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். தட்டு காலியானதும், “இன்னும் போடட்டுமா மாமு?” என்றாள். போட்டாள். சாப்பிட்டேன். மறுபடியும் கேட்டாள். போட்டாள். வயிறு முட்டி மூச்சு வாங்கியது. “போதும்னா விட்டுடுங்க மாமு” என்றாள், லேசாகச் சிரிக்கிற மாதிரி இருந்தது.

மாமியார் இன்னும் கதவு நிலையை விட்டு நகரவில்லை.

“போடும்மா” என்றேன்.