என் பெயரில் இன்னொருத்தி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். வார்டன் பார்த்தால் தொலைந்தேன்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. விடுதிப் பட்டியலில் எல்லோரும் இரண்டு முறை பதிவாகியிருந்தோம். இரட்டைப் பதிவுகளை நீக்க, கம்ப்யூட்டர் சார் ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் ‘செட்’ போட்டுப் பார்த்தார். விவரம் ஒன்றேயானாலும் அது ஒவ்வொரு பதிவையும் தனியாகத்தான் எடுத்துக்கொள்ளுமாம். ஒன்றுகூட நீங்கவில்லை. எரிச்சலில், பெயர் ஒத்துப்போனால் பின்னால் வருவதை நீக்கும்படி எழுதிவிட்டார். பத்தாம் வகுப்பில் என் பெயரிலேயே ஓர் அக்கா இருக்கிறாள். பட்டியலில் அவள் முந்தி, நான் பிந்தி.

"லிஸ்ட்ல ஒருத்திதான் இருக்கா. நீ யாரு?" என்று வார்டன் என் தட்டுச் சோற்றை வழித்துப் பொதுப் பாத்திரத்தில் போட்டார். நான் வாய் வைத்த சோறு, அம்மா.

"சேர்க்கை எண்ணை வச்சு ஒப்பிடலாமே சார்" என்று கம்ப்யூட்டர் சாரிடம் போய்ச் சொன்னேன்.

"வந்துட்டா, எனக்கே பாடம் எடுக்க" என்று பல்லைக் காட்டினார். அந்தச் சிரிப்பு இன்னும் உடம்பில் ஒட்டியிருப்பதுபோல் அருவருப்பாக இருக்கிறது.

கவலை வேண்டாம், அந்த அக்கா தன் தட்டில் பாதி தருகிறாள். கொஞ்சம் பிஸ்கட் அனுப்புங்கள். உறைமேல் என் சேர்க்கை எண்ணையும் மறக்காமல் எழுதுங்கள். பெயர் மட்டும் இருந்தால் உங்கள் கடிதத்தையும் அவளிடம்தான் கொடுப்பார்கள்.

செருப்புச் சத்தம் கேட்கிறது.

உங்கள் மகள்