தழைக்கு ஊற்றிய தண்ணீர்

அம்மா,

உட்கார்ந்ததும் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைத் தந்தார்கள். சில்லென்று இருந்தது. டிக்கெட்டோடு சேர்ந்ததாம். டிக்கெட் என் கம்பெனி எடுத்தது. நம்மால் முடியாத விலை. தருமபுரியில் ஏறினேன். நம் ஊர் மாரண்டஹள்ளியில் இந்த வேக வண்டி நிற்பதில்லை. நம் பிளாட்பாரம் ஜன்னலில் ஒரு கீறலாக ஓடி மறைந்தது.

பாட்டிலைத் திறக்க மனம் வரவில்லை.

கொத்தமல்லி மூட்டைகளோடு நீ பாசஞ்சரில் பெங்களூர் போவாய். லீவு நாட்களில் நானும் வருவேன். வேக வண்டி விட்ட பிறகு தினமும் கிராசிங். காட்டு நடுவே ஒரு சின்ன ஸ்டேஷனில் நம்மை ஒதுக்கி நிறுத்துவார்கள், அது முந்திப் போகும் வரை. வெயில் ஏறும். சாக்குக்குள் தழை புழுங்கும். அந்த வாசனை மாறத் தொடங்கியதும், குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரைச் சாக்கின் மேல் ஊற்றுவாய். முழுவதும்.

“குடிக்க உனக்கு வேணாமாம்மா?”

“நான் வாடுனா எவன்டா வெல கொறைக்கப் போறான்?”

ஒருநாள் கார்டிடம் கேட்டாய். “எப்பங்க சார் எடுப்பீங்க?”

“அந்த வண்டி போவட்டும்மா. இது பாசஞ்சர்தானே.”

“அப்ப அதுல எங்களுக்கும் ஒரு பொட்டி மாட்டிவுடுங்க. எங்களால முடியற டிக்கெட்டு வையுங்க. நாங்களும் நேரத்துக்குப் போறோம்.”

பெட்டியே சிரித்தது. கார்டும் சிரித்தார். நீ சிரிக்கவில்லை.

உன் சிறுநீரகம் கெட்ட பிறகு டாக்டர் கேட்டார்: “தண்ணி சரியா குடிக்கறதில்லையாம்மா?” நீ என்னைப் பார்த்தாய். கிராசிங் உன்னைக் கொன்றது என்று எந்த மருத்துவமனையும் எழுதித் தராது. நான் எழுதுகிறேன்.

இன்று அதே ஸ்டேஷன். வண்டி வேகம் குறைந்தது. பக்கத்துத் தண்டவாளத்தில் பாசஞ்சர். கதவோரம் மூட்டைகள். ஒரு பெண் பாட்டிலைக் கவிழ்த்துச் சாக்கை நனைத்துக்கொண்டிருந்தாள்.

எழுந்துவிட்டேன். இந்த ஜன்னல்கள் திறப்பதில்லை.

டிக்கெட் பரிசோதகரிடம் கேட்டேன். “அந்த வண்டி எவ்ளோ நேரமா நிக்குதுங்க?”

“அது பாசஞ்சர் சார்.”

அதுதான் பதில். முழுப் பதிலும்.

“சந்தைக்குப் போறவங்க வண்டிய முன்னாடி அனுப்பினா என்னங்க? இல்லன்னா இதுல அவங்களுக்கு ஒரு பொட்டி மாட்டிவுடுங்க. அவங்களால முடியற டிக்கெட்டுல.”

என் குரல் உயர்ந்திருந்தது. எதிர் இருக்கைக்காரர் நிமிர்ந்தார். “உக்காருங்க தம்பி. நமக்கு ஒண்ணும் லேட்டாகலயே.”

உன் வார்த்தைக்கு இந்தப் பெட்டியில் யாரும் சிரிக்கவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடியும். தொண்டை வறண்டது.

பாட்டிலைத் திறந்தேன். குடித்தேன், அம்மா. இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது.