மூன்றாம் எண் கயிறு

மானகிரி,
3.12.2025

மதிப்பிற்குரிய கேப்டன் முத்தப்பன் ஐயா அவர்களுக்கு,

மகாபாகு இழுவைக் கப்பலில் உங்களுக்குக் கீழே கயிறுகளுக்குப் பொறுப்பாக இருந்த போசன் சேவுகப்பெருமாள் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உங்கள் வீட்டு ஆச்சிக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, சிட்னியில் மகள் வீட்டு மாடிப்படியைப் பிடிமானம் இல்லாமல் ஏறுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்துச் சந்தோஷப்பட்டேன். எங்கள் பக்கம் இந்த வருஷம் மழை பரவாயில்லை. கண்மாய் முக்கால்வாசி நிறைந்திருக்கிறது.

நீங்கள் அனுப்பிய ‘மகாபாகுவின் சேவை வரலாறு’ அச்சுப்படி போன மாதம் இருபதாம் தேதி கூரியரில் வந்தது. பிழை இருந்தால் குறித்து அனுப்பும்படி கேட்டிருந்தீர்கள். நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன்.

ஒன்பதாம் பக்கத்தில் கப்பல் பணியில் சேர்ந்தது 1983 மார்ச் என்று இருக்கிறது. ஏப்ரல் என்று திருத்திக்கொள்ளுங்கள். முதல் நாள் கொடியேற்றத்தில் நான் நின்றிருக்கிறேன். இருபத்தேழாம் பக்கத்தில், புயலில் இயந்திரம் நின்றுபோன போர்க்கப்பலை நாம் இருபத்தாறு மணி நேரம் இழுத்து வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். முப்பத்தொரு மணி நேரம் அது. அந்த மிச்ச ஐந்து மணி நேரமும் பின்தளத்தில் மழையில் நின்றவர்களில் நான்கு பேர் இன்னும் உயிரோடு இருக்கிறோம். பீரங்கிப் பயிற்சிக்கு மிதவை இலக்குகளை இழுத்துப் போன கதை நன்றாக வந்திருக்கிறது. ஒரு குண்டு நமக்கு நூறு கஜம் பக்கத்தில் விழுந்தபோது நீங்கள் காபி டம்ளரைக் கீழே வைக்காமல் நின்றது உண்மைதான். அதை யார் கேட்டாலும் சொல்வேன்.

இனி அறுபத்தொன்றாம் பக்கம்.

‘1998 பிப்ரவரி 19 அன்று பழைய எண்ணெய் பார்ஜ் ஒன்றை இழுத்துச் செல்கையில், நல்ல நிலையில் இருந்த கயிறு எதிர்பாராமல் அறுந்தது. எச்சரிக்கையை மீறிப் பின்தளத்தில் நின்ற மாலுமி முத்துவீரன் உயிரிழந்தார்.’ இரண்டு வாக்கியம், மூன்று பிழை. ‘உயிரிழந்தார்’ என்பது மட்டும் சரி.

கப்பலில் நீங்கள் கொண்டுவந்த ஒரு வழக்கத்தை நினைவுபடுத்துகிறேன். புத்தகத்தில் அது விட்டுப்போயிருக்கிறது. போசன்கள் நல்ல கயிற்றையும் கண்டம், இனி உதவாது என்று எழுதிக் கழித்துவிடுகிறார்கள் என்று உங்களுக்கு ஒரு சந்தேகம். அதனால் எந்தக் கயிற்றைக் கழித்தாலும் அதன் நுனியில் ஒரு முழம் வெட்டி, அலுமினியத் தகடு கட்டி, கயிற்று அறை ஆணியில் தொங்கவிட வேண்டும் என்றீர்கள். தகட்டில் கயிற்று எண், தேதி. அடியில் உங்கள் பெயரின் முதலெழுத்து. அந்த எழுத்தச்சை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டீர்கள். சுத்தியலை வாங்கி நீங்களே அடிப்பீர்கள். “ஊர்க்காரன்னு பாக்க மாட்டேன் சேவுகா, என் எழுத்து இல்லாம ஒரு நூலு கழியக்கூடாது” என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்.

பிப்ரவரி 11, புதன்கிழமை, மூன்றாம் எண் கயிற்றைக் கழித்தோம். உள்புரி இரண்டு இடத்தில் நைந்திருந்தது. நான் வெட்டினேன், நீங்கள் அடித்தீர்கள். முத்துவீரன் அப்போது கப்பலில் இல்லை. மகள் ஜனனிக்குக் காதுகுத்து என்று ஒக்கூருக்கு லீவில் போயிருந்தான். அவன் திரும்பி வந்தது 18ஆம் தேதி சாயங்காலம். ஒரு டின் நிறையச் சீப்புச்சீடை கொண்டுவந்தான். நீங்களும் ஒரு கை அள்ளிக்கொண்டீர்கள்.

மறுநாள் காலை பார்ஜை இழுக்க உத்தரவு வந்தது. அந்த எடைக்கு மூன்றாம் எண்தான் பொருந்தும், அதற்குப் பதில் கயிறு இல்லை. கேட்டு எழுதவே இல்லை என்பதும், மூன்று கயிறும் தயார் என்று நீங்கள் மேலே அறிக்கை கொடுத்திருந்ததும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. “ஒரு தடவ தாங்கும், எடுத்துப் போடு” என்றீர்கள். எடுத்துப் போட்டேன். பத்து இருபதுக்குக் கயிறு உரசும் இடத்தில் தோலுறை நழுவியது. மேலேயிருந்து ஒலிபெருக்கியில், “முத்துவீரா, போய்ப் பாரு” என்றது உங்கள் குரல். அவன் போனான். கயிற்றைப் பற்றி அவனிடம் நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் கயிற்றுப் பதிவேட்டில் அந்தப் பக்கம் புதிதாக எழுதப்பட்டிருந்தது. “செத்தவன் திரும்ப மாட்டான். உனக்கு ரெண்டு பொம்பளப் புள்ள. ரிட்டயராக எட்டு மாசம்” என்றீர்கள். எச்சரித்தும் அவன் போய் நின்றான் என்ற தாளில் முதல் கையெழுத்து என்னுடையது.

அவன் மனைவி ரேணுகாவுக்குப் போன கடிதத்தில் ‘சொந்தக் கவனக்குறைவு’ என்று இருந்தது. ஒக்கூரில் அதைக் குடிபோதை என்று ஆக்கிக்கொண்டார்கள். முத்துவீரன் பீடிகூடப் பிடிக்காதவன். ஜனனி பள்ளிக்கூடத்தில் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தாள். இப்போது திருப்பத்தூரில் டீச்சர். அவளைப் பெண் கேட்டு வந்த வீட்டார்கூட வாசலில் நின்று அதைத்தான் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

பதிவேட்டை மாற்றினீர்கள். ஆணியில் தொங்கிய ஒரு முழத்தை மறந்துவிட்டீர்கள். நானும் அதைத் தினமும் பார்த்தேன், பார்க்காதவன் போல இருந்தேன்.

மகாபாகுவை ஏலம் விட்டு உடைத்த விவரம் உங்கள் கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது. அதன் சாமான்கள் எங்கே போயின என்பது இல்லை. இந்த ஆகஸ்டில் கதவுக்குப் பித்தளைத் தாழ்ப்பாள் தேடிக் காரைக்குடியில் அழகுசுந்தரத்தின் பழஞ்சாமான் கடைக்குப் போனேன். கப்பல் விளக்குகளுக்கும் மணிக்கும் நடுவே, ஒரு பலகையில் வரிசையாகப் பதினான்கு கயிற்றுத் துண்டுகள். தகடோடு. மூன்றாம் எண், 11.2.98 என்ற தகடு இருந்ததை நான் எடுத்துப் பார்த்ததும் அழகுசுந்தரம், “அண்ணே, அது வெள்ளக்காரங்க சுவத்துல மாட்டுற சாமான். நீங்க எந்த மாட்டக் கட்டப் போறீக?” என்று கேட்டான். ஒரு மாடு இருக்கு என்று சொல்லி வாங்கி வந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். மூன்று மாதம் அதைப் பரணில் வைத்துவிட்டுப் பேசாமல்தான் இருந்தேன். உங்கள் புத்தகம் வராவிட்டால் இன்னும் அங்கேயே கிடந்திருக்கும். அறுபத்தொன்றாம் பக்கத்தைக்கூடப் பொறுத்திருப்பேனோ என்னவோ. ஆனால் கூட வைத்திருந்த கடிதத்தில், ஜனவரி 25 ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியில் உங்கள் வீட்டு வளவு முற்றத்தில் வெளியீட்டு விழா, ரேணுகாவை அழைத்து வா, மேடையில் அவளுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அன்றைக்கே பரணில் ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஒக்கூர் போனேன். ரேணுகா மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். தகட்டை முந்தானையால் துடைத்துப் பார்த்து, இந்த எழுத்தை அடித்தது யார் என்று கேட்டாள். கேப்டன் என்றேன். கழித்த கயிற்றை எடுத்துப் போட்டது யார் என்று கேட்டாள். நான்தான் என்றேன். தகட்டை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, “இருவத்தேழு வருசமாத் தீவாளிக்குத் தவறாமச் சேல எடுத்துக்கிட்டு வந்தீகளே, இதுக்குத்தானாண்ணே?” என்றாள்.

விழாவுக்கு வர வேண்டாம், வக்கீலைப் பார்ப்போம் என்றுதான் நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. “வரேன்னு எழுதிப் போடுங்க. அவரு பொன்னாட போத்தட்டும். நமக்கும் மரியாத தெரியும்ல, பதிலுக்கு நான் இதக் குடுக்கேன். நீங்களும் மேடையில ஏறி, எங்கிட்டச் சொன்னத அங்கன சொல்லுங்க” என்றாள்.

அப்படியே செய்யப் போகிறோம். என் வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு ஜனனியிடம் கொடுத்துவிட்டேன். அதில் முதல் குற்றவாளி நான், இரண்டாவது நீங்கள். உங்கள் விழாவுக்கு வரும் மகாபாகு ஆட்கள் ஒன்பது பேருக்கும் தகட்டின் படம் போய்விட்டது. அந்த எழுத்தச்சு யாருடையது என்று அவர்களுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதையெல்லாம் உங்களுக்கு ஏன் முன்கூட்டியே எழுதுகிறேன் என்று யோசிப்பீர்கள். முத்துவீரனுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்தத் தப்பை இன்னொரு தடவை செய்ய எனக்கு மனமில்லை. எந்தக் கயிறு உங்களை நோக்கி வருகிறது என்று தெரிந்தே நீங்கள் மேடைக்கு வரலாம். வராமலும் இருக்கலாம். வராவிட்டால் அந்த நாற்காலியில் கயிற்றை வைத்துவிட்டு நாங்கள் பேசுவோம். அறுபத்தொன்றாம் பக்கத்தை நீங்களே திருத்தி அச்சுக்கு அனுப்பினாலும் சரிதான். ஆனால் அப்போதும் ரேணுகா வருவாள், திருத்தியதை மேடையில் உங்கள் வாயால் படிக்கச் சொல்வாள்.

மூக்குக்கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள். தகட்டில் எழுத்து சிறியது.

ஆச்சிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தை அவர்களிடம் காட்டுவதும் காட்டாததும் உங்கள் விருப்பம். அவர்கள்மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், பிரஷர் மாத்திரையை விட்டுவிடாதீர்கள். போன வெள்ளிக்கிழமை சிங்கம்புணரிக்குப் போய் என் பெயர் கொண்ட சாமிக்கு உங்கள் பெயரில் அர்ச்சனை செய்தேன். நட்சத்திரம் கேட்டார்கள், தெரியவில்லை என்று பெயரை மட்டும் சொன்னேன். கேப்டன் முத்தப்பன் ஒரு குறையும் இல்லாமல், கண்ணும் காதும் நன்றாக இருந்து, நூறு வயது வாழ வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொண்டேன்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிந்த போசன்,
சேவுகப்பெருமாள்