என்னைக் கோலில் நிற்கச் சொன்னார்கள்

மே 18, ஞாயிறு

கால்பந்து லீக் முடிந்து ஊருக்கு வந்த எனக்கு இன்று சங்கரன்கோவில் மைதானத்தில் பாராட்டு விழா. மைதானப் பொறுப்பில் இருக்கும் அண்ணாச்சிதான் தலைமை. பெண் பிள்ளைகள் சாயங்காலம் அங்கே விளையாட அவர்தான் அனுமதி தர வேண்டும்.

போட்டோவுக்காக அவர் பெனால்டி அடிப்பாராம். கோல் போடுவது என் பிழைப்பு. என்னைப் போய் கோலில் நிற்கச் சொன்னார்கள். "ஏட்டி, பிள்ளைகளுக்காக விட்டுக்குடு" என்று என் பழைய பி.டி. டீச்சர் காதில் சொன்னார். விட்டேன். உருண்டு வந்த பந்தைக் காலால் தொடக்கூட இல்லை.

அவர் அதோடு நிறுத்தவில்லை. மைக்கைப் பிடித்து, "பெரிய டீமுல ஆடுத பிள்ளையாலயே நம்ம அடியத் தடுக்க முடியல, பாத்தீயளா? பொம்பளப் பிள்ளைய ஆட்டம் அம்புட்டுதான்!" என்றார். கூட்டம் சிரித்தது. பனவடலிசத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்த சிறுமிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணாச்சி, இப்ப நீங்க நில்லுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே வந்து நின்றார். செருப்பை உதறிவிட்டு அடித்தேன். பந்து அவர் காதோரம் பாய்ந்து வலைக்குள் போனது. தலையைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சிறுமிகள் கத்திய கத்து!

"கிரவுண்டு போச்சுட்டி. நாளைக்கு கேட்டப் பூட்டிருவாரு" என்றார் டீச்சர். பூட்டுவார். நானும் அடுத்த மாதம் கிளப்புக்குப் போய்விடுவேன். இந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

கோபம் இன்னும் இறங்கவில்லை. நாளை சாயங்காலம் எல்லோரையும் வரச் சொல்லியிருக்கிறேன். கேட் பூட்டியிருந்தால் வெளியே ரோட்டிலேயே ஆடுவோம். ராஜபாளையம் பஸ் நிற்கட்டும்.