மெயின் சுவிட்சை அணைத்த பிறகும்

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. இடுப்பு வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் மனசு கொஞ்சம் ஆறியது. குனிந்து தரை துடைக்காதீர்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்? இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். இங்கே எல்லாம் பழையபடிதான். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. ஷெட்டில் சொந்தமாக விமானம் கட்டுகிற உங்கள் தம்பிக்கு ஒரு வாஷர் மாற்ற நேரமில்லை.

போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் அவர் பக்கத்தில் இருப்பார்; நான் நாலு தடவை ‘ம்’ கொட்டிவிட்டு வைத்துவிடுவேன். “எப்படியாவது அவனைத் தடுத்துடு, நீ சொன்னா கேப்பான்” என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்வதற்கு முன் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

இறக்கை, உடம்பு எல்லாவற்றையும் அவரே செய்து முடித்தார் என்பது உங்களுக்குத் தெரியும். பொய்ப்பல் செய்து பழகிய கை, இழைத்து இழைத்து ஒரு மேடு பள்ளம் இல்லாமல் வைத்திருக்கிறது. மின்சார வேலை வந்தபோதுதான் என்னிடம் வந்தார். “பஸ்ஸுக்கு லைட் போடுறவ, இதுக்குப் போட மாட்டியா?” என்றார். பணிமனையில் நாள் முழுக்க வண்டிக்கு அடியில் கிடந்துவிட்டு வருகிறவளுக்கு, வீட்டிலும் வயர்தான் என்று தலையெழுத்து. சரி என்றேன்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இரண்டு பேருமாக வரைந்தோம். பேட்டரியை அடுத்து ஒரு மெயின் சுவிட்ச். ரேடியோ, விளக்கு, மீட்டர்கள், எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற இக்னிஷன், எல்லாம் அதற்குப் பின்னால். பஸ்ஸில் அதுதான் நாங்கள் படித்த பாடம். புகை வந்தால் மெயினை அணை, வண்டியை ஓரமாக நிறுத்து, ஆட்களை இறக்கு. வேறு மாதிரி யோசிக்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

போன மாதம், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஷெட்டுக்கு வெளியே எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம். நன்றாகத்தான் ஓடியது. திடீரென்று பிளாஸ்டிக் கருகுகிற வாடை. மீட்டர் பலகைக்குப் பின்னாலிருந்து புகை. ஒரு வயர் தகட்டு விளிம்பில் உரசித் தோல் போயிருந்தது. நான் கத்துவதற்குள் அவர் மெயினை அணைத்துவிட்டார். புகை நின்றது. கூடவே எஞ்சினும் நின்றது. மூக்கில் சுற்றுகிற விசிறி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு அப்படியே நின்றுவிட்டது, அண்ணி. அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு வந்த அந்த அமைதியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வானத்தில் ஓரம் ஏது?

அவர் இறங்கி வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். “மேல இருந்திருந்தா...” என்று ஆரம்பித்து, முடிக்கவில்லை. பிறகு, “வேணாம்மா, வித்துடலாம்” என்றார். உங்கள் கடிதத்தில் கேட்டிருப்பது அதுதானே? அன்றைக்கு நான் தலையை ஆட்டியிருந்தால் போதும், கதை முடிந்திருக்கும்.

நான் ஆட்டவில்லை. ஒரு வாரம் போனது. கடைக்குப் போனார், பல் செய்தார், வந்தார், சாப்பிட்டார். உப்புக் குறைந்தாலும் கேட்கவில்லை, கூடினாலும் கேட்கவில்லை. குழாயையாவது சரிசெய்திருப்பார் என்று நினைத்தீர்களா, அதுவும் இல்லை. அந்த முகத்துக்கு எதிரில் இனி ஆயுசு முழுக்கத் தட்டு வைக்க என்னால் ஆகாது என்று தெரிந்துபோனது. நானே ஒரு தாளை எடுத்து முதலிலிருந்து வரைய ஆரம்பித்தேன்.

இப்போது பேட்டரி இரண்டு. இக்னிஷனும் இரண்டு, ஒவ்வொன்றும் தன் பேட்டரியிலிருந்து நேராக வருகிறது, தனி ஃபியூஸ், தனி சுவிட்ச். மெயினை அணைத்தால் மற்றதெல்லாம் சாகும், எஞ்சின் சாகாது. ஒரு பக்கமே மொத்தமாகப் போனாலும் மறுபக்கம் இழுத்துக்கொண்டு வந்து இறக்கிவிடும். வேலை முடிந்து வந்த பிறகு அந்தக் குறுகிய பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்து நானே வயர் இழுத்தேன். தோள்பட்டை இன்னும் மேலே எழும்ப மாட்டேன் என்கிறது. விளிம்பு உள்ள இடத்திலெல்லாம் ரப்பர் வளையம் போட்டிருக்கிறேன். எல்லா முடிச்சையும் இழுத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் போய் மறுபடி இழுத்துப் பார்த்தேன்.

போன வாரம், பறக்க அனுமதி கொடுக்கிற ஆய்வாளர் வந்தார். அவர் முன்னால் எஞ்சினை ஓடவிட்டு, நானே கையை நீட்டி மெயினை அணைத்தேன். விளக்கெல்லாம் போயிற்று. எஞ்சின் சத்தத்தில் ஒரு சுருதி கூட மாறவில்லை. ஆய்வாளர் தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார். உங்கள் தம்பி சின்னப் பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷமே வரவில்லை, அண்ணி. இனி இவரை நிறுத்துவதற்கு ஒரு காரணமும் மிச்சமில்லை என்றுதான் தோன்றியது. இருந்த ஒரே காரணத்தை என் கையாலேயே சரிபண்ணிவிட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, காற்று அடங்கியிருந்தால், முதல் பறப்பு. அன்றைக்கு ஓட்டுகிறவர் மட்டும்தான் ஏறலாமாம். நான் கீழே நிற்க வேண்டும். மகள், “அப்பா இறங்கினதும் கூப்பிடு, அப்ப வரேன்” என்று சொல்லிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆகையால் அவரைத் தடுக்கச் சொல்லி இனி எழுதாதீர்கள். அவரிடமும் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். கலங்கிய மனசோடு அவர் மேலே போகக்கூடாது. நல்லபடியாகப் போய்வா என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்கள். உங்கள் வாயால் கேட்டால் அவருக்குப் பலம். என்னைத் திட்ட வேண்டியதையெல்லாம் சேர்த்து வையுங்கள். திங்கட்கிழமை போன் செய்து, எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே திட்டும்படி இருக்க வேண்டும் என்று எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆசியை எதிர்பார்த்திருக்கும்,
உங்கள் தம்பியின் மனைவி